ஜீப்பில் வந்த குரல்

தூத்துக்குடி,
1973

ஹென்றிக்கு,

அப்பா இறந்து காலியான சட்டசபைத் தொகுதியில் நீ நிற்பதை நான் தடுக்கவில்லை. ஜெயித்தால் உனக்கு மந்திரி பதவி என்று கட்சியில் சொல்லியிருக்கிறார்களாம். நல்லது.

நேற்று மத்தியானம் உன் பிரச்சார ஜீப் நம் தெருவுக்குள் வந்தது. போன தேர்தலில் அப்பா பேசிய பேச்சை டேப்பில் பிடித்து வைத்து, இப்போது ஒலிபெருக்கியில் போடுகிறாய் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. பேச்சின் நடுவே அவர் இருமினார். நான் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் மோந்துகொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். தம்ளரோடு நின்ற என்னைப் பார்த்து எதிர்வீட்டு மெட்டில்டா, "செத்த பொறவும் ஓட்டுக் கேக்காரே அண்ணாச்சி, அவருக்கு ஓய்வே கெடையாதாக்கா?" என்றாள். தெருவே சிரித்தது.

சுவரொட்டியில் அவரை மறைந்த தலைவர் என்று போடுகிறாய். ஜீப்பில் பேச வைக்கிறாய். இரண்டில் ஒன்றை முடிவு செய்.

உன் ஓட்டுக்காக அவர் இனி எந்தத் தெருவிலும் இருமக் கூடாது. மீறினால், உனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று உன் மேடையிலேயே ஏறிச் சொல்வேன்.

அந்த டேப்பை நாளைக்கே என்னிடம் அனுப்பு. அதைப் போடுகிற பெட்டியும் கூட வரட்டும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பு.

உன் தாய்