வரைபடத்தில் ஒரு புள்ளி

ஜூலை 6, பிரிஸ்பேன்

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாற்பத்தெட்டு வயதில், என்னைவிட இளைய பேராசிரியர் லாக்லனின் மாணவனாக மாநாட்டுக்கு வந்திருக்கிறேன். களவா மீன்கள் முட்டையிடக் கூட்டமாகச் சேரும் இடம் பற்றி எட்டாம் தேதி பேச வேண்டும்.

பிஜியில், எங்கள் ஊரில் அனுமதி கேட்டு, சடங்குப் பானத்துக்கான யங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்தபோது, தலைவருக்காகப் பேசும் என் தாய்மாமா சொன்னார்: “பாரு, எண்ணு. இடத்த மட்டும் வெளிய விடாத மருமவனே. வியாபாரப் படகு வந்தா ஒரே பருவத்துல தொடச்சிட்டுப் போயிடும்.” வேரை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் எங்களுக்குக் கையெழுத்து தேவையில்லை.

லாக்லனுக்கோ வரைபடத்தில் இடத்தைக் காட்டும் புள்ளி வேண்டும். “புள்ளி இல்லாட்டி இது ஆராய்ச்சி இல்ல நண்பா, கதை.” நான் தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் பக்கம் மேலே இருப்பவர் முன் அப்படி நின்றால் மறுப்பு. அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ?

ஜூலை 7

புள்ளியை எடுத்துவிட்டுப் படங்களை லாக்லனுக்கு அனுப்பினேன்; மாநாட்டுக் கணினியில் ஏற்றுவது அவர்தான். பதில் இல்லை.

ஜூலை 8

ஒன்பதாவது படம் திரையில் விழுந்தது. புள்ளி இருந்தது, சிவப்பாக. லாக்லன் திரும்பப் போட்டிருக்கிறார். சட்டென்று அடுத்த படத்துக்குத் தாவினேன். பின்வரிசையில் ஒருவர் விடவில்லை: “அது எந்த வளைகுடா?”

குனிந்தேன். முன்வரிசையிலிருந்து லாக்லன் எழுந்தார். “நம்மாளுக்குக் கூச்சம். அவர் எண்ணுற மீனே அவரவிட அதிகம் பேசும்.” சிரிப்பு. பிறகு இடத்தின் பெயரைச் சொன்னார். உச்சரிப்புகூடச் சுத்தம். களப்பணிக்கு வந்தபோது நான் பழக்கியது.

ஜூலை 9

மாமாவிடம் போனில் சொன்னேன்.

“நீயா சொன்ன?”

“இல்ல மாமா. அவர்தான்.”

“நீ எங்க இருந்த?”

“மேடையில.”

“சரி.” வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 10

நாளை மறுநாள் எல்லா உரைகளும் படங்களோடு இணையத்தில் ஏறுகின்றன. அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி லாக்லனிடம் வாய் திறந்தே கேட்டேன்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. இப்ப எடுத்தா உன் ஆய்வேட்டுல ஒரு அத்தியாயமே போச்சு. பட்டம் வேணுமா வேணாமா?”

சொன்னேன்யா. குனிஞ்சு நின்னேனே — அது என்னவாம்?

ஜூலை 11

இந்தப் பக்கங்களை மாநாட்டின் கருத்துப் பகுதியில் போடப்போகிறேன். ஊரின் சம்மதத்தைக் காட்டாமல் எந்தக் கடலின் வரைபடமும் ஏறக்கூடாது என்று மேலே எழுதியாயிற்று. பெயர் போடவில்லை. பயந்தவன் என்று நினைத்துக்கொள்ளட்டும். என் பெயரைப் பார்த்தால் எங்கள் தீவுகளில் யார் வேண்டுமானாலும் ஊரைச் சொல்லிவிடுவார்கள். ஊர் தெரிந்தால் இடம் தெரியும்.

லாக்லன் பெயர் இருந்தால் மாணவன் யாரென்று தெரிந்துவிடும். போடப்போகும் பிரதியில் அதையும் அடித்தேன். நான்கு வருடம் பொறுத்து, கடைசியில் அவர் பெயரையும் நானே காப்பாற்றுகிறேன்.