மேசைக்கடியில் ஸ்ட்ராபெரி

அக்டோபர் 6

ஸ்ட்ராபெரிச் செடிகளின் ஓடுகொடிகளை எல்லாம் வெட்டியாயிற்று. மூன்று மரப்பெட்டிகள், நான்காம் மாடி பால்கனி. தரையில் நட்டிருந்தால் பனி போர்த்திவிடும், கவலையில்லை. பெட்டிக்கோ நாலு பக்கமும் குளிர். வேர் என்ன செய்யும்? உறைந்து, இளகி, மறுபடி உறைந்து... தாங்குமா? தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விடப்போவதுமில்லை.

இருக்கிறதிலேயே வாசனை அதிகமான ரகம் இது என்று நாற்றுக்கடையில் சொன்னார்கள். ஒரு பழம் வீட்டையே தூக்குமாம். அதற்காகத்தான் வாங்கினேன். மார்ச் காய்ச்சலில் என் மனைவி கொர்னேலியாவுக்கு மோப்பம் போனது போனதுதான். இருபது வருஷமாகச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவள், பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு அண்டா பாலைத் தீய விட்டாள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவுகிறாள். "கோடை வரைக்கும் பாப்பேன். வரலைன்னா வேலைய விட்டுருவேன்" என்கிறாள்.

டாக்டர் சொன்னபடி தினம் கண்ணை மூடச் சொல்லி எதையாவது மூக்கருகே நீட்டுகிறேன். இன்று சூப்பில் வாசனைக்குப் போடும் சோயிக்கீரை.

"என்ன தெரியுது?"

"உன் கை நடுங்குறது தெரியுது."

அக்டோபர் 31

செடிகளை மூட ஊசியிலைக் கிளைகள் தேடிச் சந்தைக்குப் போனேன். ஒன்றுகூட இல்லை. நாளை சகல புனிதர் திருநாள், கல்லறைகளையெல்லாம் இந்தக் கிளைகளால்தான் அலங்கரிப்பார்கள். தொருன் நகரம் முழுக்க அள்ளிக்கொண்டு போய்விட்டது. இதை மறந்தேனே, நான் என்ன நேற்றா இங்கே பிறந்தேன்? மாடிப்படியில் மூன்றாம் மாடி கெனோவெஃபா, கை நிறையக் கிளைகளோடு.

"ஒரு கட்டு எனக்குத் தரக்கூடாதா?"

"செத்தவங்களுக்கே பத்தல. உங்க செடிக்கு வேறயா, ரோமன் சார்?"

நவம்பர் 2

கல்லறைத் தோட்டத்தில் எங்கு பார்த்தாலும் கிளைகள், பச்சைப் பசேலென்று. நான் சும்மா பார்க்கத்தான் செய்தேன். கொர்னேலியா காதருகே வந்து, "ஒரு குச்சிய எடுத்த, உன்னைய இங்கயே விட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன்" என்றாள்.

டிசம்பர் 27

கிறிஸ்துமஸ் மரம் கூடத்தில் நிற்கிறது. எல்லோரும் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். நான் கிளைகளை அளக்கிறேன். இரண்டு பெட்டிக்குத் தாராளம். இழுத்துப் பிடித்தால் மூன்றுக்கும் வரும்.

கொர்னேலியாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"சாமி வீடு மந்திரிக்க வர்ற வரைக்கும் மரத்துல கை வைக்காத. மொட்டைக் குச்சிய வச்சுக்கிட்டா அவரை வரவேற்கிறது?"

எங்கள் படிக்கட்டு வீடுகளுக்குப் பங்குச் சாமியார் வருவது ஜனவரி பதினெட்டாம் தேதி. கீழே வாசலில் ஒட்டியிருக்கிறது.

ஜனவரி 5

மைனஸ் பதினான்கு. பனி ஒரு பொட்டுகூட விழவில்லை. வெறும் குளிர்.

இரண்டு பெட்டிகளைச் சுவரோடு ஒட்டி வைத்துக் கோணியும் என் பழைய கோட்டும் சுற்றினேன். மூன்றாவதற்குச் சுற்ற ஒன்றுமில்லை. கொர்னேலியா வேலைக்குப் போன பிறகு அதை உள்ளே தூக்கி வந்துவிட்டேன். நன்றாகத் தண்ணீர் ஊற்றி, பாலித்தீனால் இறுகக் கட்டி, கூடத்து மேசைக்கடியில், ஹீட்டர் பக்கமாக. விருந்தாளி வந்தால்தான் அந்த மேசை. விரிப்பு தரை வரை தொங்குகிறது, யாருக்குத் தெரியப்போகிறது? குளிரில் இரண்டு, சூட்டில் ஒன்று. எது பிழைக்கிறது, பார்த்துவிடலாம்!

ஜனவரி 12

வினிகரை நீட்டினேன். ஒன்றுமில்லை. "போதும் ரோமன், இனி நீட்டாத" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஜனவரி 18

என்னத்தைச் சொல்ல? வரிசையாக எழுதுகிறேன்.

கொர்னேலியா மேசைமேல் வெள்ளை விரிப்பு, சிலுவை, மெழுகுவத்தி, தீர்த்தம் எல்லாம் வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள். மேசைக்கடியில் செடி எப்படியிருக்கிறது என்று பார்க்க இப்போதுதானா எனக்குத் தோன்ற வேண்டும்? பாலித்தீனை அவிழ்த்தேன். ஐயோ. இலை, தண்டு, எல்லாம் கறுத்துக் கூழாகிக் கிடந்தது. செத்த எலி தோற்றது, அப்படியொரு நாற்றம். கட்டுவதற்குள் வாசல் மணி. உள்ளே தள்ளினேன், ஜன்னலைத் திறந்தேன். கொர்னேலியாவுக்குத்தான் தெரியாதே என்று ஒரு நொடி நிம்மதிகூட வந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

சாமி சின்ன வயசுக்காரர். உள்ளே வந்ததும் மூச்சை ஒரு தரம் பிடித்ததைக் கவனித்தேன். சிரித்தபடியே மேசைமுன் நின்றார். மூவரும் ஜெபத்தைத் தொடங்கினோம். எங்கள் அன்றாட உணவை... கொர்னேலியாவின் குரல் நின்றுவிட்டது.

"எதுவோ அழுகி நாறுது."

நானும் சாமியும்கூட நிறுத்திவிட்டோம்.

"ரோமன், நாறுதுடா!"

மண்டியிட்டு விரிப்பைத் தூக்கினாள். பெட்டியை இழுத்து, நல்ல பாவாடையோடு தரையில் உட்கார்ந்து, அந்தக் கூழுக்குள் மூக்கை வைத்தாள். குமட்டியது அவளுக்கு. மறுபடி மோந்தாள். மறுபடி குமட்டல். அழுகையா சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அது தெரியும்.

சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "வந்ததுல இருந்தே அடிச்சுதும்மா, சொல்றது மரியாதையில்லைன்னு..." என்று இழுத்தார். பத்து மாதக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடங்கினார்.

அவர் படியிறங்கியதும் கொர்னேலியாவே ரம்பத்தை எடுத்து வந்தாள். "வெட்டு மரத்தை. வெளிய இருக்கறதையாவது மூடு."

ஜனவரி 19

காபி எரிந்த ரப்பர் மாதிரி நாறுகிறதாம். சோப்பும் ரப்பராம். நானுமாம்!

பிப்ரவரி 23

டாக்டரிடம் போனோம். மோப்பம் திரும்பும்போது முதலில் இப்படிக் கோணிக்கொண்டு வருமாம். நேராகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்.

மார்ச் 22

கிளைகளை எடுத்தேன். இரண்டு பெட்டியிலும் கறுத்த சருகு மட்டும். கிளறிப் பார்க்கக் கை பரபரத்தது. கிளறவில்லை.

ஏப்ரல் 11

நடுவில் பச்சை! சுருட்டி மடக்கிய குட்டி இலைகள், இரண்டு பெட்டியிலும். குளிரில் விட்டது பிழைத்திருக்கிறது, இரக்கப்பட்டு உள்ளே கொண்டுவந்தது அழுகிவிட்டது. குளிர்காலத் தூக்கத்தை இரண்டு வாரம் நான்தான் கெடுத்தேனோ? அடுத்த குளிர்காலம் ஒரு பெட்டியைப் பாதி மட்டும் மூடிப் பார்க்க வேண்டும்.

மே 16

கடையில் க்ரீம் புளித்திருந்ததைக் கொர்னேலியாதான் முதலில் கண்டுபிடித்தாளாம். மற்ற யாருக்கும் தெரியவில்லையாம். நாளை முதல் சூப் அண்டா அவள் பொறுப்பு. மூன்று தரம் சொல்லிவிட்டாள். மூன்று தரமும் புதிதாகக் கேட்டேன்.

ஜூன் 9

முதல் பழம். காம்போடு பறித்துத் தட்டில் வைத்தேன். கொர்னேலியா ஏழு மணிக்கு வந்தாள், உடம்பெல்லாம் வதக்கிய வெங்காய வாசனை. நான் எதையும் நீட்டவில்லை. அவளே எடுத்தாள், கண்ணை மூடினாள்.

"ரப்பர்" என்றாள்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இரு. ரப்பருக்கு அடியில என்னமோ இருக்கு."

ரொம்ப நேரம் மோந்தாள். பிறகு பாதியைக் கடித்து, மீதியை என் வாயில் வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள். அந்தப் பெட்டிகளை அவள் குனிந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. இலையை ஒவ்வொன்றாக விலக்கினாள். பாதி வெளுத்த ஒரு காய் கிடைத்தது.

"இது எனக்கு. தொட்டுறாத."