சாகப்போகிறவளுக்கு ஒரு பெயர்

மே 4

முதல் அத்தியாயம் முடிந்தது. ஆறு வயதுப் பெண், சுரங்கத்து மண்ணைக் கொட்டி வைத்த மேட்டில் கரித்துண்டு பொறுக்கப் போகிறாள். மேடு சரிகிறது. செத்துப்போகிறாள். மேட்டின் உயரம், சரிவுக் கோணம், மண்ணில் இருந்த ஈரம் எல்லாம் சரி. சர்வேயர் நான் எழுதும் நாவலில் அதெல்லாம் தப்பாகாது. அவளுக்குப் பெயர்தான் இல்லை. இப்போதைக்கு 'அ' என்று போட்டிருக்கிறேன்.

மே 7

ரஜிதா என்று வைத்தேன். நான் எழுதும் பக்கங்களை முதலில் படிப்பது வதின, அதாவது அண்ணன் மனைவி ஸ்வரூபா. படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள். "எதிர்வீட்ல ரஜிதா இருக்கா. காலையிலதான் நம்ம வீட்ல தோசை தின்னுட்டுப் போனா. அவளயா கொல்லப்போற?"

அகிலா என்று மாற்றினேன். அது அவள் சித்தி மகளாம். மௌனிகா? ஆபீசில் சதானந்தத்தின் பெண். ஆக, இந்த ஊரில் யாருமே வைத்துக்கொள்ளாத பெயர் வேண்டும். அதுவரை 'அ'தான். இது என்ன நாவலா, ரேஷன் கார்டா?

மே 8

சதானந்தத்திடம் சொல்லியிருக்கக் கூடாது. அளவெடுக்கும் கருவியை மேட்டில் நிறுத்திவிட்டு முழு நாளும் அதே பேச்சு. "கல்யாணமே ஆகல, பிள்ளைக்குப் பேரு தேடுறான் பாரு. உங்கப்பன் மட்டும் என்ன யோசிச்சானா? ஓதெலு மல்லன்ன கோயில் வரிசையில நின்னான், உனக்கு ஓதெலுன்னு வச்சான். நல்லவேளை, பஸ் ஸ்டாண்டுல நிக்கல."

மே 15

வதினவுக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு போய்விட்டன. ஒன்று வயிற்றிலேயே, ஒன்று ஜுரத்தில். அம்மா முடிவு பண்ணிவிட்டாள்: இந்தத் தடவை பிறந்ததும் குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு நிமிஷம் கிடத்தி, அங்கிருந்து பொறுக்கி வந்த மாதிரி எடுத்து வந்து, பெண்ணென்றால் பெண்டம்மா, பையனென்றால் பெண்டய்யா. பெண்ட என்றால் குப்பை; குப்பைமேடு என்று பெயர் வைத்த பிள்ளையைச் சாவு திரும்பிப் பார்க்காதாம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பெண்டய்யா இருந்தான். இப்போது யார் வைக்கிறார்கள்?

வதின மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அண்ணன் கனகய்யா வழக்கம்போல டிவியைப் பார்த்துக்கொண்டு, "அம்மா சொல்ற மாதிரியே பண்ணிடலாம்" என்றான். அவன் டம்பர் லாரி ஓட்டுகிறவன். அந்த வண்டியின் பிரேக் விஷயத்தில் இப்படி நம்பிக்கையை வைத்து ஓட்டுவானா?

மே 19

பிரச்சினை தீர்ந்தது. பெண்டம்மா. நாற்பது வயசுக்குக் கீழே இந்த ஊரில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. மேட்டில் சாகிறவளுக்கு மேட்டின் பெயர். பொருத்தம் என்றால் இதுதான். 'அ' இருந்த இடமெல்லாம் அடித்து எழுதிவிட்டேன்.

மே 26

வதின மத்தியானங்களில் என் பக்கங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. இன்று நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசித்துக்கொண்டிருந்தாள். "பெண்டம்மா மேட்டில் ஏறினாள்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

அம்மா எழுந்து வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "அந்தப் பேர நான் எங்க பிள்ளைக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்டா. அதையே செத்தவளுக்குக் கொடுத்துட்டியா?"

காகிதத்தில் சாகிறவளுக்கும் வயிற்றில் இருக்கிறதுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். ஆயிரம் பெண்டம்மாக்கள் பிறந்து செத்திருக்கிறார்கள் என்றேன். ஒரு சொல் தீர்ந்துபோகிற பொருளா? அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை.

பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். மறுபடி 'அ'.

ஜூன் 6

வதினவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. பிரஷர் அதிகம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னதும் அம்மா வீட்டிலிருந்த ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

ஜூன் 18

கரீம்நகர் ஆஸ்பத்திரி. வதினவுக்கு ரத்தப்போக்கு. நச்சுக்கொடி முன்னாடியே பிரிந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷன். பெண். மூச்சு இருக்கிறது.

ஜூன் 19

சாயங்காலம் நின்றுவிட்டது.

ஜூன் 20

பெயர் வைக்காத குழந்தைக்குச் சடங்கு கிடையாது. பெண்கள் வரக்கூடாது. அண்ணனும் நானும் போனோம். டவலில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். கனமே இல்லை. குழி தோண்டுகிறவன், எங்கே என்று மட்டும் கேட்டான். யார் என்று கேட்கவில்லை. அண்ணன் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் கை காட்டினான். மேலே ஒரு கல். அடையாளத்துக்கு இல்லை, நாய் தோண்டாமல் இருக்க.

வதினவுக்குத் தையல், மயக்கம். குழந்தையின் முகத்தை அவளுக்குக் காட்டினார்களா? கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

ஜூன் 29

அம்மா சொல்லிவிட்டாள். சாப்பாடு போட்டுக்கொண்டே. "நீ எழுதினே. அது நடந்துச்சு."

பிரஷர், நச்சுக்கொடி என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். படம்கூடப் போட்டுக் காட்டினேன் — சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில், பேனாவால், என்ன மனுஷன் நான்? அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனான். அவன் அம்மா பக்கமா, என் பக்கமா, தெரியவில்லை. பத்து நாளாக என்னிடம் பேச்சில்லை.

எனக்குத் தெரியும், என் பெயர்த் தேர்வு யாரையும் கொல்லாது. தெரியும். அப்புறம் ஏன் அந்தப் பக்கங்களை எடுக்கும்போதெல்லாம் கை கூசுகிறது?

ஜூலை 3

நாவலைக் கட்டிப் பரணில் போட்டாயிற்று. போதும்.

ஜூலை 8

இன்று இருபத்தொன்றாம் நாள். இருந்திருந்தால் தட்டில் அரிசி பரப்பி, மோதிரத்தால் பெயரெழுதும் நாள். அம்மா காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டாள், அண்ணன் டியூட்டி.

வதின என் அறை வாசலுக்கு வந்து நின்றாள். "அந்தக் கத எங்க?" பரணில் என்றேன். "எறக்கு."

இறக்கினேன். 'அ' இருந்த ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். "எங்கிட்ட ஒரு பேரு இருக்கு. உங்கண்ணனுக்கும் தெரியாது. உங்கம்மா குப்பைமேடுன்னு சொல்லச் சொல்ல, நான் உள்ளுக்குள்ள இதத்தான் சொல்லிட்டிருந்தேன். ஸ்ரவந்தி."

ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். பெரிய காரணம் இல்லையாம். அவள் படித்த ஹாஸ்டலில் வார்டன் மகள் பெயர் அது. யாராவது அந்தப் பெண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் கேட்க நன்றாக இருக்குமாம்.

நான் முட்டாள் மாதிரி, கதையில் அவளைக் காப்பாற்றிவிடுகிறேன் என்றேன். வதினவுக்குக் கோபம் வந்துவிட்டது. முதல் தடவையாகப் பார்க்கிறேன். "யாரு உன்ன காப்பாத்தச் சொன்னா? சாகட்டும். ஆனா மொதப் பக்கத்துலயே சாகடிச்சா அது யாரு? அளவு எடுக்கிற கல்லு மாதிரி. அவ சாப்பிடணும், அடி வாங்கணும், பேன் பாக்கணும். யாராச்சும் அவளப் பேரு சொல்லிக் கூப்பிடணும். அப்புறம் சாகட்டும்."

தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூலை 14

மேட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஸ்ரவந்திக்குச் சர்வபிண்டி ரொட்டி என்றால் உயிர். ஓரம் கருகினதுதான் வேண்டும். அவள் அம்மா தெருமுனை வரை கேட்கக் கூப்பிடுகிறாள். இதை எழுத மூன்று நாள். சரிவுக் கோணத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜூலை 22

வதின அடுப்படியில் நின்று வாசித்தாள். சத்தமாக. அம்மா முற்றத்தில் இருந்தாள். யாரடி அந்த ஸ்ரவந்தி என்று கேட்டாள். வதின வாசிப்பதை நிறுத்தவில்லை. அம்மா இரண்டாம் தடவை கேட்கவில்லை. ஆனால் முறத்தைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு அருகே வந்து உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 2

அண்ணன் பேசினான். "டம்பர்ல ரிவர்ஸ் எடுக்கறப்ப அப்படி ஹாரன் அடிக்க மாட்டாங்க, தப்பா எழுதியிருக்க." அவனும் படிக்கிறான் போல.

ஆகஸ்ட் 11

ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ஸ்ரவந்தி இன்னிக்கு என்ன பண்ணா?"

பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள் என்றேன். பலகையில் பெயரெழுதக் கற்றுக்கொண்டாள். அம்மா தலையாட்டினாள். இன்னொரு ரொட்டி போட்டாள்.

அம்மா வெளியே போனபிறகு, வதின தட்டை எடுத்துக்கொண்டே, எப்போ என்று கேட்டாள். மேடு சரிவதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. இரண்டு அத்தியாயம் பாக்கி, அடுத்த வாரம் முடிந்துவிடும் என்றேன்.

தட்டைத் தொட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஞாயித்துக்கெழம படி. உங்கண்ணன் வீட்ல இருப்பாரு. இந்தத் தடவ எல்லாரும் கூட இருக்கணும்."