பேத்தியின் சோத்தாங்கை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், என் ரத்தக்கொதிப்பைத் தவிர. அதுவும் போன ஞாயிறு வரை அடங்கித்தான் கிடந்தது. உங்கள் நலத்தை விசாரிக்கப்போவதில்லை, அன்றைக்கு வீடியோ போனில் கண்ணாலேயே பார்த்தாயிற்று. பேத்தி இடது கையில் கரண்டியைப் பிடித்து வாய் எது மூக்கு எது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள், வலது கையில் துணிக்கட்டு. அடிபட்டதா கண்ணு என்று பதறினேன். இல்ல தாத்தா, அப்பாதான் கட்டிவிட்டாரு, இனிமே நான் லெஃப்ட்டாம் என்றாள். சொல்லிவிட்டு உன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்காவிடம் நீ சொன்னாயாம், டென்னிஸ் கோச்சின் யோசனையாம், சோத்தாங்கைப் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், நொட்டாங்கை என்றால் எதிரே நிற்பவள் பந்து வரும் பக்கம் புரியாமல் திணறுவாளாம். முதலில் திணறுவது உன் மகளல்லவாடா? ஆள் குறைவு என்பதால்தானே அந்தக் கைக்கு மவுசு, எல்லா அப்பன்களும் உன்னைப்போலக் கட்டுப்போடக் கிளம்பினால் அப்புறம் ஏது மவுசு?

தையல் கடையில் என் பக்கத்தில் நின்று துணி வெட்டிய நொட்டாங்கை மாஸ்டரை உனக்குத் தெரியும். கத்தரிக்கோல் அவர் கைக்கு ஒத்துழைக்காது, கட்டைவிரல் எப்போதும் புண். கையை மாத்துய்யா என்று முதலாளி கத்துவார், அந்தாளு கையை அந்தாளுகிட்ட விடுங்க என்று நான் மல்லுக்கு நிற்பேன். கதவுப்பிடி, கத்தரிக்கோல், பள்ளிக்கூட மேசை எல்லாம் நம்மைப் போன்ற சோத்தாங்கைக்காரர்களுக்குத் தோதாகச் செய்தவை, அவர் அதனால்தான் அவதிப்பட்டார். குழந்தைக்குப் பிறவியிலேயே கிடைத்த தோதை நீ பிடுங்குகிறாய். ஆறாம் வகுப்பில் படியில் விழுந்து வலது கைக்கு மாவுக்கட்டு போட்டாயே, மறந்துபோயிற்றா? கால்சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியாமல் வகுப்பிலேயே நனைத்துக்கொண்டு, வாத்தியார் ஆள் அனுப்பி, நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். யாருகிட்டயும் சொல்லாதப்பா என்று என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். இத்தனை வருஷம் சொல்லவில்லை, இன்று உன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, எழுதிக்கொண்டே சிரிக்கிறாள், உனக்கு வேண்டும். உன் கை ஒடிந்திருந்தது, கட்டினோம். ஒடியாத கைக்கு எதற்கடா கட்டு? கொஞ்சம் பதமாக எழுதட்டுமா என்கிறாள் அக்கா, ஒரு எழுத்தைக் குறைக்காதே என்றுவிட்டேன்.

மருமகளும் பேத்தியும் நூறு வயது நன்றாக இருக்கட்டும். உன் பங்கு ஆசீர்வாதத்தை என்னிடமே வைத்திருக்கிறேன், கட்டை அவிழ்த்த பிறகு வாங்கிக்கொள். மருமகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பிள்ளை தோற்றுவிட்டு வந்தால் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தோற்றால் அவள் கையால் தோற்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உன் அப்பா