இரண்டு பக்கத்துக்கும் ஒரே பேட்டரி

இன்று காலை இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பையன் மூடியைத் திறந்தான். அந்தப் புளித்த அமில வாடை கூடத்தில் பரவியது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன். உம்முடைய குன்றுக் கொட்டகையின் வாசனை அது. நீர் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது, இப்போது வந்து நிற்கிறீர்.

எழுபதுகளின் நடுவில், வண்டிப்பெரியாருக்கு மேலே நாம் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்துக்கு வயர்லெஸ் வந்தது. ஃபாக்டரியில் நான் ஒரு செட்டோடு உட்கார்ந்தேன். தோட்டத்தின் மற்றப் பகுதிகளான மேல் டிவிஷனும் ஆற்றங்கரை டிவிஷனும் மலைக்குப் பின்னால் மறைந்து கிடந்ததால் என் குரல் அங்கே எட்டாது. அவையும் ஒன்றுக்கொன்று கேட்காது. அதனால் குன்றின் உச்சியில் உம்மை வைத்தார்கள். உமக்கு இரண்டு செட். ஒன்று என்னைப் பார்த்து, மற்றது டிவிஷன்களைப் பார்த்து. ஒன்றில் கேட்டதை மற்றதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். இரண்டு செட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு லாரி பேட்டரி. திங்களும் வியாழனும் இரண்டு பேர் அதைச் சார்ஜ் ஏற்றி, கம்பில் கட்டித் தூக்கி வருவார்கள்.

“காது சும்மா கிடைக்கும் ஓய். வாய்க்குத்தான் பேட்டரி செலவு” என்பீர். உண்மைதான். கேட்பதற்குச் சொட்டுச் சொட்டாகப் போகும் மின்சாரம், பேசுவதற்கு மடை திறந்த மாதிரி போகும்.

எங்கள் துரைக்கு இது புரியவில்லை. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் மேனேஜரைத் துரை என்றுதான் கூப்பிட்டோம்; அவரும் அதைத் திருத்தவில்லை. மைக்கின் பொத்தானை அழுத்தினால் இருபது நிமிஷம் விடமாட்டார். அழுத்தியிருக்கும் வரை எதிர்ப்பக்கத்திலிருந்து யாரும் குறுக்கே பேச முடியாது என்பதுதான் வயர்லெஸில் அவருக்கு மிகவும் பிடித்த வசதி. அந்த இருபது நிமிஷத்தையும் கேட்டுவிட்டு நீர் ஆற்றங்கரைக்குச் சொல்வீர்: “துரை கோபம். உரம் எங்கே?”

இரண்டு வருஷம் தோட்டம் இப்படித்தான் ஓடியது, நன்றாகவே ஓடியது. கெடுத்தது, ஆற்றங்கரையில் தோட்ட வேலையை மேற்பார்த்த கண்டக்டர். வயர்லெஸில் வந்த ஒவ்வொரு செய்திக்கும் கடிதத்தில் பதில் எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். அந்த நல்ல மனுஷன் எழுதினார்: “ஐயா, தாங்கள் கோபமாக இருப்பதாக வந்த செய்தி கிடைத்தது. உரம் கிடைக்கவில்லை.”

மறுநாளே உத்தரவு வந்தது. குன்றின் மேல் உள்ளவர் ஒரு சொல்லும் குறைக்காமல் சொல்ல வேண்டும், மீறினால் வேலை போகும். நீர் கீழ்ப்படிந்தீர். துரை இருமியதைக்கூட இருமிக் காட்டினீர். பேட்டரி தவணைக்கு முந்தின நாளே படுத்துவிடும். நீர் வேறு பேட்டரி கேட்டு எழுதிய கடிதத்துக்கு, கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது.

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை. கம்பெனி டைரக்டர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார். துரை என் மேஜையில் உட்கார்ந்து, சாப்பாட்டு ஏற்பாட்டை ஆற்றங்கரைக் கண்டக்டருக்குச் சொல்ல ஆரம்பித்தார். எட்டு கோழி வாங்க ஜீப் அங்கே வந்திருக்கிறது, எல்லாம் இளசாக இருக்க வேண்டும், காலைக் கட்டும் கயிறு சணலாக இருக்கக் கூடாது.

அதே நேரத்தில் உம்முடைய மற்ற செட்டில் மேல் டிவிஷன் கூப்பிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் செல்லத்தாய்க்கு விடியற்காலையிலிருந்து இடுப்பு வலி, பிள்ளை குறுக்கே நிற்கிறது, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், டாக்டர் வேண்டும். டாக்டர் இருந்தது ஆற்றங்கரையில். நடுவே தரைப்பாலம், அதன் மேல் இன்னும் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் வண்டி போகாது.

நீர் பிறகு சொன்னீர், பேட்டரியின் முள் அப்போது சிவப்புக் கோட்டில் கிடந்தது என்று. துரையின் கோழிகளைச் சொல்லுக்குச் சொல் கடத்தினால் பாதிக் கோழியில் செட் செத்துவிடும். கடத்தாவிட்டால் வேலை போகும். வீட்டில் உமக்கு மூன்று பெண் பிள்ளைகள். துரையை நிறுத்தச் சொல்லவும் வழியில்லை, அவர் விரல்தான் பொத்தானில் இருக்கிறதே.

துரை பேசப் பேச, நீர் அந்தப் பக்கத்தைக் காதோடு நிறுத்திக்கொண்டு இந்தப் பக்கம் ஆற்றங்கரையைக் கூப்பிட்டீர். “மேலே பிரசவம் சிக்கல். டாக்டரை ஏத்தி ஜீப்பை உடனே அனுப்பும். தரைப்பாலம் முழுகப் போகுது.”

கண்டக்டர் தயங்கினாராம். “துரை உத்தரவா ஓய்?”

“ஜீப் அங்க நிக்குன்னு துரைதான் சொன்னாரு” என்றீர். அதில் பொய்யே இல்லை. அதோடு முள் விழுந்து செட் செத்தது.

ஃபாக்டரியில் துரை பொத்தானை விட்டார். “என்ன சொல்றான்?”

“ஒண்ணும் சொல்லலைங்க ஐயா.”

“தூங்கறானா?”

“இருக்கலாங்க ஐயா” என்றேன். அது ஒன்றுதான் அன்று உமக்கு நான் செய்த துரோகம்.

டைரக்டர் ரசமும் அப்பளமும் சாப்பிட்டார். எளிமையை மிகவும் பாராட்டினார். ஜீப் மறுநாள் மதியம் தண்ணீர் வடிந்த பிறகு வந்தது, டாக்டரோடும் ஏழு கோழியோடும். ஒன்றை லயத்தில் சூப்பு வைத்துவிட்டார்களாம். தாயும் பெண் குழந்தையும் சுகம்.

வெள்ளிக்கிழமை உம்மை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை கேட்டார், “நான் சொன்னது காதுல விழுந்துதா, இல்லையா?”

“முழுக்க விழுந்தது ஐயா. கயிறு வரைக்கும்.”

“அப்ப ஏன் சொல்லலை?”

“பதினோரு வார்த்தைக்குக் கொஞ்சம் மேலதான் பேட்டரியில தெம்பு இருந்தது ஐயா. அதுல எந்தப் பதினொண்ணைச் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க, எழுதி வச்சிக்கிடுதேன்.”

துரை பழைய உத்தரவை எடுத்துவரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, பேச்சுதான் நீளம். பழைய உத்தரவு ரத்தாகவில்லை. துரைமார் எதையும் ரத்து செய்வதில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்ந்தது: பேட்டரியின் நிலையை அனுசரித்து, எது முதலில் போக வேண்டும் என்பதைக் குன்றின் மேல் உள்ளவரே தீர்மானிக்கலாம். மலையிறங்கும் வரை அந்தக் காகிதத்தை நீர் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தீர், யாரிடமும் காட்டவில்லை.

இப்போது எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தலைவர் பேச எழுந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் கதவோரமாக, பேச்சு முடியட்டும் என்று ஒரு காலில் நிற்கிற ஆளைத் தேடுவேன். போன வாரம் ஒருத்தர் நின்றார். மெதுவாக எழுந்து போய், “உங்களுக்கு என்ன வேணும், சுருக்கமா சொல்லுங்க” என்றேன்.