பதினாறில் ஒரு புள்ளி

இன்று காலை அலுவலகத்தில் ஒரு பழைய கோப்பைத் திறந்தேன். முதல் வரியில், எழுதியவர் என்று உன் பெயர். படத்தைச் சுருக்கும் நிரல் அது. அதை மறுபடி பழைய முறைக்கே மாற்றச் சொல்கிறார் மேலாளர். உன்னிடம் சொல்லாமல் இதை நான் யாரிடம் சொல்வேன்?

சாமராஜநகர் பக்கத்துச் சிறு மருத்துவமனைகளில் எடுக்கும் எக்ஸ்ரேக்களை மைசூரில் ஒரு டாக்டர் தன் போனில் பார்ப்பதற்கான செயலி. நாம் இருவரும்தான் செய்தோம். படம் பெரிது, இணைப்பு மெதுவு; சுருக்கியாக வேண்டும். இரண்டே நாள் கொடுத்தார்கள். நீ எளிய வழியில் எழுதினாய்: புதிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், பழைய படத்தில் அதற்கு நேராக உள்ள ஒரே புள்ளியின் நிறத்தை எடுத்துக்கொள்வது. அகலத்தில் நாலுக்கு ஒன்று, உயரத்திலும் நாலுக்கு ஒன்று. பதினாறு புள்ளியில் ஒன்று தங்கும், பதினைந்து போய்விடும். நல்ல வேகம்.

மறுநாள் நீயே சோதித்தாய். வெள்ளைப் படத்தில் முடிபோல ஒரு கறுப்புக் கோடு வரைந்து சுருக்கினாய். கோட்டைக் காணோம்.

"ஏம்புள்ள, இங்க பாரு. எலும்புல விரிசலும் இப்படித்தான இருக்கும்?" என்றாய். கொள்ளேகால் பேச்சு உனக்குக் கடைசிவரை மாறவில்லை.

மேலாளரிடம் காட்டினோம். "டெமோல எல்லாம் சென்னாகத்தானே தெரியுது? ரிலீஸ் ஆகட்டும், ஆமேல நோடோணா," என்றார். நன்றாகத்தான் தெரிகிறதாம், பிறகு பார்க்கலாமாம்.

எழுத்தில் கொடுப்போம், நீயும் பெயர் போடு என்றாய். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நான் போடவில்லை. சண்டைக்காரி என்பார்கள் என்று பயமுறுத்தி உன்னையும் தடுத்தேன்.

மூன்று மாதத்தில் புகார் வந்தது. கட்டட வேலை செய்பவர் ஒருவரின் மணிக்கட்டு விரிசல் போனில் தெரியவில்லை. சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். அவர் கல் சுமந்தார், எலும்பு விலகிவிட்டது.

"யார் எழுதினது இதை?" என்று கூட்டத்தில் மேலாளர் கேட்டார்.

"நான்தானுங்க. ஆனா அன்னைக்கே சொன்னனே," என்று நீ என் பக்கம் திரும்பினாய்.

"எங்கிட்ட யாரும் சொல்லலை," என்றார் அவர். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நீ வேலையை விட்டாய். விடுவதற்கு முன், பதினாறு புள்ளிகளின் சராசரியை எடுக்கும்படி நிரலைத் திருத்திவைத்தாய். இப்போது கோடு மங்கும், மறையாது; வேகம்தான் கொஞ்சம் குறைவு. எட்டு மாதத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. இடையில் நான் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. துக்கத்துக்கு வந்த மேலாளர் உன் அம்மாவிடம், "தங்கமான பொண்ணு," என்றார். அங்கேயே அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்ன யோக்கியதை?

உன்மேலும் கோபம்தான். போகிற அன்று என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "மழ வருது, பாத்துப் போ புள்ள," என்றாயே, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்று அவர் என் இருக்கைக்கே வந்தார். "படம் திறக்க லேட் ஆகுதம்மா. சாயங்காலத்துக்குள்ள பழைய முறைக்கே மாத்திடு."

"மாட்டேன் சார்."

அன்று நாம் காட்டியது, அவர் சொன்ன பதில், கூட்டத்தில் நான் வாய்மூடி இருந்தது, எல்லாவற்றையும் எழுதி நிர்வாகத்துக்கும் டாக்டருக்கும் அனுப்பினேன். கீழே என் பெயர். டாக்டர் போன் செய்து சத்தம் போட, மாற்ற வேண்டாம் என்று மதியத்துக்குள் நிர்வாகம் சொல்லிவிட்டது.

எழுதி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. இவ்வளவு சுலபமான ஒன்றைத்தான் உனக்காக நான் செய்யாமல் இருந்தேன்.