நீலத் தலைத்துணி

மார்ச் 3, திங்கள்
நீலத் தலைத்துணி கிடைத்துவிட்டது. நாலு வருஷம் மஞ்சள் கட்டிய தலை. மஞ்சள் என்றால் காண்டிராக்ட், நீலம் என்றால் நிரந்தரம். கம்பெனியில் இரண்டு தையல் லைன் வழியாகவும் போவது ஒரே குழந்தைச் சட்டைதான். கழிவறைக் கண்ணாடியில் மூன்று முறை பார்த்துக்கொண்டேன். முதுகு தானாக நிமிர்கிறது. ஒரு முழத் துணிக்கு இவ்வளவு பலமா?

மார்ச் 5, புதன்
நீலக்காரிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மஞ்சள் தைத்தால் தையல் பல்லை இளிக்கும் என்றார்கள். சிரித்தேன். போன வாரம் வரை அந்தப் பல் என்னுடையது. நாலு வருஷம் என் பக்கத்து மெஷினில் இருந்த அக்கா, கூடப் பிறக்காத குறைதான், மஞ்சள்காரிகள் மேஜையிலிருந்து கேட்டாள்: "என்னடி, நீலம் கட்டினா கண்ணு தெரியாதா?"
தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மார்ச் 6, வியாழன்
மதியம் ஊசி உடைந்தது. எல்லாத் துண்டையும் பொறுக்கி அட்டையில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். முனையை மட்டும் காணோம். மண்டிபோட்டுத் தேடினேன். இல்லை என்று சொன்னால் லைனையே நிறுத்துவார்கள். நீலம் கட்டி நாலாவது நாள்! மெஷின் இடுக்கில் கிடந்த ஏதோ பழைய முனையை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.
என் முனை எங்கே போச்சு? குழந்தைச் சட்டை... கடவுளே, குழந்தைங்க போடுற சட்டை.

மார்ச் 7, வெள்ளி
மெட்டல் டிடெக்டர் கத்தியது. ஒரு சட்டையின் கை மடிப்புக்குள் முனை. எந்தக் குழந்தையையும் குத்தவில்லை. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான். யாரும் விசாரிக்கும் முன்பே எங்கள் லைன் தீர்ப்பு சொல்லிவிட்டது: மஞ்சள் வேலை. நேற்று அக்காவுக்கும் ஓர் ஊசி உடைந்திருக்கிறது. அவள் அட்டையில் எல்லாத் துண்டும் உண்டு. அதை யார் பார்த்தார்கள்? லைனில் என்னிடம் கேட்டபோது, "அவங்க அவசரத்துல தைப்பாங்க" என்றேன்.
அவங்களாம். நாலு வருஷம் 'நாங்க' என்று சொன்ன வாய்.

மார்ச் 8, சனி
சூப்பர்வைசர் கூப்பிட்டாள். மேஜையில் அக்காவின் அட்டையும் என் அட்டையும். என்னுடையதில் ஊசி மெலிசு, முனை தடிமன். குருடனுக்கும் தெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என் அட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"நீ நம்ம பொண்ணு. போய் வேலையப் பாரு."
திட்டியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்
அந்த முனை அவளோடதுன்னு அக்காவை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. வாசல்ல தலைத்துணிய அவுத்து வாங்கிட்டுத்தான் விட்டாங்களாம். நான் திரும்பிக்கூடப் பாக்கல. சொல்லியிருக்கலாம்ல? இன்னும் சொல்லலாம்ல?

மார்ச் 11, செவ்வாய்
சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள்
எதிர் வரிசையில் அக்காவின் மெஷினுக்குப் புதுப் பெண். மஞ்சள். இன்று அவளுக்கு ஊசி உடைந்தது. மண்டிபோட்டுத் தேடினாள். "ஆரம்பிச்சுட்டாளுங்க" என்று எங்கள் லைன் சிரித்தது.
முனை என் செருப்புக்குப் பக்கத்தில் மின்னியது. குனிந்து எடுத்துக் கொடுத்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.
செருப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன், அதன் மேல். மணி அடிக்கும்வரை எடுக்கவில்லை.